இடது காது, வலது தோள்

வீட்டிலும் சரி, வேலையிலும் சரி, என்னிடம் எதையும் கேட்காத ஒரே ஜீவன் நீதான் என்று மடியிலிருந்த முயலைப் பார்த்து அவள் நினைத்துக்கொண்டாள். முயல் காதை மடக்கிக்கொண்டது. அதுவும் ஒரு மறுப்புதான். அதற்காவது முடிகிறது.

அந்த ஆய்வுக்கூடத்தில் முயல்களின் காதுக்குள் சின்னக் காயம் செய்வார்கள். அது புடைத்த தழும்பாக ஆறியதும் இடது காதில் புது மருந்து, வலது காதில் வெறும் களிம்பு. தடவுவதும் தழும்பின் உயரத்தை அளப்பதும் அவள் வேலை. இதுவரை எந்த இடது காதும் வலது காதைவிட மயிரிழைகூட இறங்கவில்லை.

தழும்பு மருந்து என்று வீட்டில் வாய்விட்டதுதான் வினை. நாத்தனாருக்கு இடது தோளில் கட்டி எடுத்த தழும்பு, கொழுத்த புழு படுத்திருப்பதுபோல.

"ஒரே ஒரு டப்பா கொண்டாயேன். முயலா வந்து கேக்கப் போகுது?"

"வெளிய எடுக்கக் கூடாது அண்ணி. வேலை போயிடும்."

"ஆமா, எனக்குன்னா மட்டும் உனக்குச் சட்டம் ஞாபகம் வந்துடும்."

காலையில் இது, சாப்பிடும்போது இது, கணவனின் பெருமூச்சில் இது. அலுத்துப்போய் ஒருநாள் கடையில் வாசலின் வாங்கி, சின்ன டப்பாவில் அடைத்து, கை நடுங்கக் கொடுத்தாள். பலிக்காது, அத்தோடு தொல்லை ஓயும் என்று நம்பினாள்.

பலித்துவிட்டது.

"பாதி அமுங்கிடுச்சு!" என்று நாத்தனார் துணிக்கு மேலேயே தோளைத் தட்டினாள். பொய் மருந்து கொடுத்தவளுக்கு அதை விலக்கிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி முழங்கால் தழும்போடு வந்து நின்றாள். "உங்க அண்ணிக்கு மட்டுந்தானா?" தர மறுத்தால் பகை. அவளுக்கும் ஒரு டப்பா வாசலின். பிறகு அவள் அக்காவுக்கு. அக்கா வேலை பார்ப்பது அழகு நிலையத்தில். அங்கே முடி வெட்டிக்கொள்ள வருபவர், ஆய்வுக்கூடத் தலைவரின் மனைவி.

தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மருந்தை வெளிய எடுத்துட்டுப் போனீங்களா?"

ஆமென்றால் இங்கே திருடி. இல்லையென்றால் வீட்டில் மோசக்காரி. அவள் தலையைக் குனிந்தாள். அதையே ஆமாவாக எடுத்துக்கொண்டு அவர் முகம் மலர்ந்தது.

"அட, உக்காருங்கம்மா! மருந்து சரிதான், முயல்தான் சரியில்ல. மனுஷத் தோலுக்குக் கேக்குதே! நாளைக்குப் பணம் போடறவங்க வர்றாங்க. உங்க அண்ணியைக் கூட்டிட்டு வாங்க, தோளைப் போட்டோ எடுப்போம். அடுத்து ஆஸ்பத்திரியில நோயாளிங்களுக்கே கொடுத்துப் பாத்துடலாம். உங்க வேலையையும் நிரந்தரமாக்கிடறேன்."

நிரந்தரம். எத்தனை வருடமாக அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறாள். மருந்துக்கு அசையாத அந்த இடது காதுகளை நினைத்தபடியே வீடு வந்து, நாத்தனார் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான் கொடுத்தது மருந்தே இல்ல. வெறும் வாசலின்."

வீடு இரண்டாகும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதானே பாத்தேன்! குதிகால் வெடிப்பெல்லாம் போய்ப் பட்டாட்டம் இருக்கு."

"குதிகாலா? தோள்ல தடவலையா?"

"முயலுக்குப் போடறதத் தோள்ல தடவி எனக்கு வால் முளைக்கவா? திருடிக்கிட்டு வந்து வெடவெடன்னு நின்னியே, பாவமா இருந்துச்சு. அமுங்கிடுச்சுன்னு சொல்லிவச்சேன்."

நாத்தனார் துணியை விலக்கினாள். புழு அப்படியே படுத்திருந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: தலைவரை, போட்டோவை, நோயாளிகளை, நிரந்தரத்தை.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்க? நாளைக்கு வலது தோளைக் காட்டறேன். அதுல தழும்பே கிடையாது. உங்க சார் என்ன, நேர்ல பாத்துவச்சிருக்காரா எது எந்தத் தோள்னு? உன் வேலை நிலைச்சா எனக்கு இன்னொரு டப்பா கொண்டா, போதும்."

பல நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பழைய அலுப்பே திரும்பி வந்து உட்கார்ந்தது.

"வேண்டாம் அண்ணி," என்றாள் மெதுவாக. பிறகு போனை எடுத்தாள்.

"சார், நாளைக்கு நாங்க வரல."