படகேறிய லாரி இன்ஜின்

எந்த வேலையிலும் கை வைக்காமலே அது சுலபம் என்று கண்டுபிடித்துவிடும் ஓர் இனம் நம்மிடையே உலாவுகிறது. நீங்கள் குழாயைக் கழற்றினாலும், பந்தல் போட்டாலும், பல் பிடுங்கிக்கொள்ளப் போனாலும், அந்த இனத்தார் ஒருவர் பின்னால் கை கட்டிக்கொண்டு வந்து நின்று, "இதுக்குப் போயா?" என்று கேட்பார். கேட்டுவிட்டாரா? முடிந்தது. இனி அந்தக் காரியம் அவருடையது. நஷ்டம் மட்டும் உங்களுடையது.

ராயபுரம் பரசுராமன் இந்த இனத்தின் தலைமகன். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் ஆயுசெல்லாம் வேட்டி கிழித்துக் கொடுத்தவர். அவர் மச்சான் ஒரு காலத்தில் லாரி வைத்திருந்தான். இன்ஜினோடு அவருக்குள்ள உறவு அவ்வளவே. யோசனைக்குக் கமிஷனும் வாங்க மாட்டார். வாங்கினால் திட்டவாவது வழியிருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த வாரத்தில் காசிமேட்டு ரோசியின் விசைப்படகு இன்ஜின் உயிரை விட்டது. மற்ற படகுகளெல்லாம் கடலில். அவளுடையது மட்டும் கரையில். படகோட்டும் தம்பி மதி வேறு படகுக்குக் கூலிக்குப் போக வேண்டிவருமோ என்று அவள் கலங்கி நின்ற வேளையில் பரசுராமன் வந்து, பழைய லாரி இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னார்.

"லாரி இன்னா குடிக்குது? டீசல். படகு இன்னா குடிக்குது? டீசல். அப்பால இன்னா பேஜாரு?"

ரோசிக்கு ஒரு சந்தேகம். "ரோட்டுல ஓடுற லாரிக்கு எதிர்காத்து அடிச்சு ரேடியேட்டர் ஆறும். படகுல பொட்டிக்குள்ள கீற இன்ஜினுக்குக் காத்து ஏது நைனா?"

"கடல்ல காத்துக்கா பஞ்சம்?"

காற்றும் அப்போது பார்த்து நன்றாகவே வீசியது. ரோசி இன்ஜினுக்குப் பணம் புரட்டக் கிளம்பினாள்.

திருவொற்றியூரில் பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம் கிடந்த இன்ஜினைப் பரசுராமன் விரலால் தட்டி, காதை வைத்து, நாடி பார்க்கும் வைத்தியரைப் போலக் கண்மூடித் தலையசைத்தார். கடல் தண்ணீரால் குளிர வைக்க ஒரு குழாய் ஏற்பாடு வேண்டும் என்று மாட்ட வந்தவர்கள் சொன்னதை வெட்டிச் செலவு என்று தள்ளினார். கரையில் ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் கம்பீரமாக உறுமியது. அவரும்தான்.

வெள்ளோட்டத்தன்று அவர் எலுமிச்சம்பழம் கட்டினார். ரோசி மாதா கோயில் தீர்த்தம் தெளித்தாள். கரையில் நின்றே கவனித்துக்கொள்வதாக அவர் சொன்னதை மட்டும் அவள் ஏற்கவில்லை.

"நானும் ஏறுறேன். நீயும் ஏறு நைனா."

ஏறினார். துறைமுக வாயைத் தாண்டியதும் இன்ஜின் பெட்டியிலிருந்து ஆவி கிளம்பியது. இரண்டு மதங்கள் ஒத்துழைத்தும் ரேடியேட்டர் ஒத்துழைக்கவில்லை. கருகிய வாடை, ஒரு முனகல், அப்புறம் அலைச் சத்தம் மட்டும். படகு கருங்கல் தடுப்புச் சுவரை நோக்கி ஒதுங்கத் தொடங்கியது. மதி வீசிய நங்கூரம் எதையும் பற்றாமல் மணலில் இழுபட்டுக்கொண்டே வந்தது. ரோசிக்குப் படகே மறந்துபோனது. முன்பக்கத்து வழுக்கும் பலகையில் கயிற்றோடு நின்ற தம்பி மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தான். கல்லில் தெறித்த அலை முகத்தில் அடிக்கும் தூரத்தில்தான் நங்கூரம் பிடித்தது.

பரசுராமன்? கம்பத்தைக் கட்டிக்கொண்டு வாந்தியெடுத்தார். இழுத்துப்போக வந்த படகுக்காரர்களுக்கு, வாந்திக்கும் வாந்திக்கும் இடையே, முடிச்சுப் போடும் முறையை விளக்கினார்.

கரையேறியதும் ரோசி சத்தம் போடவில்லை. "கடலு என் தம்பிய திருப்பிக் குட்த்துச்சு. உன் யோசனைய நீயே வச்சுக்கோ நைனா."

"இன்ஜின்ல ஒரு தப்பும் இல்ல ரோசி. கடல்தான் இன்னிக்கு சரியில்ல" என்றார்.

பிறகு அவள் இன்ஜினைப் பழுதுபார்த்து அந்தக் குழாய் ஏற்பாட்டையும் செய்தாள். இன்ஜின் இப்போது சூடேறாமல் ஓடுகிறது. மதி தினமும் கடலுக்குப் போகிறான். டீக்கடையில் பரசுராமன் அந்தப் படகைச் சுட்டிக்காட்டி, யார் கொடுத்த யோசனை தெரியுமா என்று புதியவர்களைக் கேட்கிறார். ஆட்டோ இன்ஜினில் மாவு மில் ஓட்டுவதைப் பற்றி ஒருவருக்கு ஆசை காட்டியும் வருகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஆவி கிளம்பிய இடத்தைப் படித்தபோது, 'பெரிசா ஒரு ஃபேன் வெச்சிருந்தா போதுமே' என்று உங்கள் மனசு ஒரு கணம் முணுமுணுத்ததா, இல்லையா? பொய் வேண்டாம். முணுமுணுத்திருந்தால் ரோசி உங்களையும் படகில் ஏறச் சொல்வாள். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள்: உங்களுக்கு நீந்தத் தெரியுமா?