போத்தலுக்குள் நூற்றிருபத்தைந்து

முத்துவீரன் வந்து அரைமணி நேரமாகியும் எதையும் குடிக்கவில்லை.

மகள் தர்ஷிகாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க, கலேவெலயிலிருந்து தன் லொறியிலேயே உக்குவளைக்கு வந்திருந்தார். சம்பந்தம் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பது அவர்கள் வழக்கம். ஒரு மிடறு குடித்தால் சம்மதம். குடிக்காமல் எழுந்தால் கதை முடிந்தது.

"சுகர் இருக்குங்க," என்று தேத்தண்ணியைத் தள்ளிவைத்தார். கேசரியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வினோஜன் இரசாயனவியல் டியூஷன் மாஸ்டர். மாணவர்கள் பதினொரு பேர். மழை பெய்தால் நான்கு. தர்ஷிகாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவன் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டதில்லை.

சீனி இல்லாத சோடா செய்தால்?

குசினிக்கு ஓடினான். இரண்டு லீட்டர் பிளாஸ்டிக் போத்தலில் பாதிக்குத் தண்ணீர், தேசிக்காய்ச் சாறு, ஒரு கரண்டி அப்பச் சோடா. போட்ட கையோடு மூடியை இறுக்கினான். அம்மா புஷ்பவதி அதை விருந்தாளியின் முன்னால் வைத்தாள்.

படித்த மாப்பிள்ளை படித்தவன் மாதிரி எதையாவது சொல்ல வேண்டாமா? இலட்சிய வாயுச் சமன்பாட்டை உள்ளங்கையில் பேனாவால் போட்டான். அப்பச் சோடா நாலு தசம் இரண்டு கிராம், காலி இடம் ஒரு லீட்டர். விடை நூற்றிருபத்தைந்து.

நூற்றிருபத்தைந்து வளிமண்டல அமுக்கம்!

"நல்லா நுரைக்குதே," முத்துவீரன் கையை நீட்டினார்.

"ஐயா, அது குடிக்கிறதுக்கு இல்ல!"

"பின்ன?"

"பாக்குறதுக்கு."

"என்னடா உளர்ற?" என்றாள் புஷ்பவதி.

வினோஜன் போத்தலின் மேல் தலையணையை வைத்தான். போதாதென்று பட, தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"தம்பிக்கு மேலுக்கு ஏதும் முடியலையா?"

"இல்லைங்க. நீங்க கொஞ்சம் வெளிய போனா நல்லது."

முத்துவீரன் எழுந்தார். "எங்க பொண்ணு வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாம். வீட்ட விட்டு வெரட்டத் தேவையில்ல."

"வேணும்! உங்க பொண்ணு வேணும்! போத்தல் வெடிக்கப் போகுது, ஓடுங்க!"

மூவரும் முற்றத்துக்குப் பாய்ந்தார்கள். முத்துவீரன் வெறுங்காலோடு பலாமரத்தின் பின்னால் நின்று மகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"இது சரிவராது மகள். போத்தலுக்குள்ள நூத்தி இருபத்தஞ்சு காத்து இருக்குன்னு மாப்புள கத்துறாரு."

"நூத்தி இருபத்தஞ்சு என்னா?"

முத்துவீரன் வினோஜனைப் பார்த்தார். வினோஜன் உள்ளங்கையைப் பார்த்தான். எண் இருந்தது. அலகு இல்லை.

"காலி எடத்த எதுல போட்டாராம்?"

"லீட்டர்ல," என்றான் வினோஜன், மரத்திடம் சொல்வதுபோல.

போனில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப அது கிலோபாஸ்கல்ப்பா, வளிமண்டல அமுக்கத்துல நூத்துல ஒரு பங்கு. உங்க லொறி டயர்ல அதவிட ஆறு மடங்கு இருக்கு. உள்ள போயி குடிங்க. யூனிட்ட நான் வந்து பாத்துக்கிறேன்."