ராபர்ட் ஓட்டிய கார்

தன் பெண்டாட்டி அந்தப் படத்தில் அந்த ஒரு சீனை மட்டும் பார்க்கவே கூடாது என்று லூர்துசாமி முடிவு கட்டினார். அவர் கட்டினால் கட்டினதுதான். கடலூர் செம்மண்டலத்தில் பழைய கார் வாங்கி விற்கிறவர். அவர் பேரம் பேச வாயைத் திறந்தால், விற்க வந்தவன் காரைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கேட்டு வாங்கிக்கொண்டு போவான் என்று ஊரில் பேச்சு.

படம் என்னவோ சிரிப்புப் படம். ரெண்டாம் உலகப்போர்க் காலத்துக் கதை. ஜப்பான்காரனுக்கு உளவு சொல்லும் இரண்டு மக்குகள். அவர்களைத் துரத்தும், அதைவிட மக்கான போலீஸ். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஷூட்டிங் நடந்தபோது பழைய கார்கள் கேட்டார்கள். லூர்துசாமி தன் பழைய ஆஸ்டின் காரைக் கொடுத்தார். "ஸ்டியரிங்கை வேற எவன் தொட்டாலும் கையை ஒடிப்பேன்" என்றும் சொன்னார். சரி என்று அவர் மகன் ராபர்ட்டுக்கே காக்கித் தொப்பியும் ஒட்டு மீசையும் வைத்து, உளவாளிகள் தப்பிக்கும் டாக்ஸியாக அதை ஓட்டவிட்டார்கள். பின்னால் துரத்தவேண்டிய போலீஸ் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஏழெட்டுப் பேர் அதைத் தள்ளினார்கள். ராபர்ட் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டான். டைரக்டர் அந்தச் சிரிப்பையும் படத்தில் வைத்துக்கொண்டார்.

படம் வருவதற்குள் பைபாஸில் ஒரு லாரி ராபர்ட்டை பைக்கோடு அடித்துப் போட்டது. லூர்துசாமி லாரிக்காரனோடு சண்டை போட்டார். ஆஸ்பத்திரியில் சண்டை போட்டார். அடக்கத்தன்று மழை பெய்ததற்குப் பங்குச் சாமியாரோடு சண்டை போட்டார். சவப்பெட்டிக்காரனிடம் மட்டும் வாய் திறக்காமல் கேட்டதைக் கொடுத்தார்.

இரண்டாயிரத்து எட்டில் படம் சிதம்பரத்தில் ஒரே ஒரு தியேட்டருக்கு வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் "உங்க புள்ள வர்றானாமே!" என்று அவர் பெண்டாட்டி சவரியம்மாளைக் கேட்க ஆரம்பித்தார்கள். லூர்துசாமி வண்டி பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். நேரே ஆபரேட்டர் ரூம். ஆபரேட்டர் பெயர் ராஜமாணிக்கம்.

"யோவ், அந்தப் பழைய கார் வர்ற சீனை வெட்டணும்."

"டிரைவர் தம்பி திரும்பிப் பார்த்துச் சிரிக்குமே, அதுவா சார்?"

"அதேதான். எம் புள்ள. இப்ப இல்ல. எம் பொண்டாட்டி பார்த்தா தாங்க மாட்டா."

ராஜமாணிக்கம் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டு வந்தார். பிறகு இழுத்தார். "கஷ்டம் சார். ரீலைப் பிரிக்கணும், வெட்டணும், ஒட்டணும்…"

"படமே ஓடல. இதுல ஒட்டறதுக்கு வேற காசா?"

கேட்டதில் பாதிக்குப் படிந்தது. படியிறங்கும்போது லூர்துசாமிக்குத் தன் பழைய நடையே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் அவரே கூப்பிட்டார். "சவரி, கெளம்பு. ஊரே கேக்குது. மேட்னி பார்த்துட்டு வந்துடுவோம்."

"வேணாம் மாமா."

"நம்ம காரு வர்ற சீனை வெட்டிட்டானுங்களாம். எதுக்கு பயப்படற?"

"யாரு சொன்னா?"

"வண்டி பார்க்கப் போன எடத்துல."

"வண்டி நல்லா இருந்துச்சா?"

"எந்த வண்டி?"

சவரியம்மாள் புடவை மாற்றப் போனாள்.

தியேட்டரில் முப்பது பேர் இருந்தால் அதிகம். உளவாளிகள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அடுத்த நொடி துறைமுகத்தில் நின்றார்கள். பின்சீட்டுக்காரன் கத்தினான்: "டேய், எதுலடா வந்தீங்க? பறந்தா?" தியேட்டரே சிரித்தது. எதில் வந்தார்கள் என்று தெரிந்த இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே லூர்துசாமி ஆரம்பித்தார். "பார்த்தியா? ஒண்ணுமில்ல. பொம்பளைங்களுக்குத்தான் வீண் பயம்."

சவரியம்மாள் பீரோவைத் திறந்தாள். ராபர்ட்டின் சட்டைப் பையிலிருந்து பிலிம் சுருள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"என்னடி இது?"

"நீங்க வெட்டச் சொன்னது. மொத நாளே கீரப்பாளையத்து எங்க அக்காவோட போய்ப் பார்த்துட்டேன் மாமா. நீங்க பார்த்தா தாங்க மாட்டீங்கன்னு அன்னிக்கே வெட்ட வெச்சுட்டேன்."

லூர்துசாமி கத்தினார். "அப்ப வெட்டினதையே வெட்டறேன்னு எங்கிட்ட காசு வாங்கினானா அந்தப் பய?"

"எனக்குப் போன் போட்டாரு, 'உங்க வீட்டுக்காரரும் வந்துட்டாரு, என்னம்மா பண்றது'ன்னு. வாங்கிக்குங்கன்னேன். சும்மா செஞ்சா நீங்க நம்ப மாட்டீங்களே."

"நீ எவ்வளவு குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல. அழுதேன்."

அவர் சுருளைப் பிடுங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். தள்ளிப் பிடித்தார். கிட்டப் பிடித்தார்.

"ஏமாத்திட்டான்டி அந்த ஆபரேட்டரு. மூஞ்சியே தெரியல. ஒரே மங்கலு. நாளைக்கே போய் அவன் சட்டையப் புடிச்சு…"

"பிலிமு நல்லாத்தான் இருக்குது மாமா," என்றாள் சவரியம்மாள். "கண்ணத் தொடைச்சிக்கிட்டுப் பாருங்க."