ரெண்டாங்கடை தோண்டிய குழி

ஒரே ஒரு சூரியன் இருப்பதால்தான் மதுரையில் வெயில் இந்த அடி அடிக்கிறது, பக்கத்தில் இன்னொன்று இருந்தால் பயந்து குறைத்துக்கொள்ளும் என்று மனதார நம்பக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கும். எங்களுக்கு அவர் ரெண்டாங்கடை.

கப்பலூரில் ஒரு சின்ன ஃபாக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எதை வாங்கினாலும் ரெண்டு கடையில் விலை கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது விதி. ஓய்வு பெற்ற அன்று சால்வையோடு அந்த விதியையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் தெருவில் மளிகைக் கடை ஒன்றுதான் என்பதால் அங்கே தீப்பெட்டிகூட வாங்க மாட்டார். பஸ் ஏறித் திருப்பரங்குன்றம் போய், எதிரெதிரே இருக்கும் ரெண்டு கடையிலும் விலை கேட்டு வாங்கி வருவார். பஸ் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டால் அது வேறு கணக்கு என்பார். ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்று சொன்னதற்கு, ரெண்டாங்கடையில் போய்ச் சாப்பிடுங்கள் என்று அவர் மனைவி தட்டை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் மனிதர் வாயைத் திறப்பதில்லை.

எங்களுடையது வயலைப் பிளாட் போட்டு உண்டான புது நகர். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்டர்நெட் கொடுக்க மூன்று பேர் முட்டி மோதுகிறார்கள். அதில் ஒருவர் செல்வம். இந்தப் பக்கம் செல்வம் மட்டும்தான். அதே செல்வம், அதே வயர், அதே வேகம். ஆனால் ரோட்டைத் தாண்டினால் விலை இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்டேன். வயர் தூரம் என்றார், மிஷின் செலவு என்றார், கரண்ட் பில் என்றார். நான் நகராமல் நிற்கவும் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அங்கிட்டு வெலய ஏத்துனா அடுத்தவன்கிட்ட போயிருவாங்க சார். இங்கிட்டு நீங்க எங்க போவீங்க?"

இவ்வளவு யோக்கியமாகப் பேசுகிறவரிடம் என்ன சண்டை போடுவது? பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

ரெண்டாங்கடைக்குப் பக்கத்து வீடு கோகிலாவுடையது. சௌராஷ்டிரப் பெண். சாயங்காலம் ஆனால் போன் முன்னால் நின்று சுங்குடிச் சேலைகளை லைவில் விரித்துக் காட்டி விற்பார், கணவர் பார்சல் கட்டுவார். முன்பு டவுனில் மாமியார் வீட்டில் இருந்துதான் செய்தார்கள். அங்கே நெட் மலிவு, மாமியார்தான் கட்டுப்படியாகவில்லை. லைவ் நடக்கும்போது பின்னால் நின்றுகொண்டு, இந்தக் கலர் ஒரே தண்ணியில் போய்விடும் என்று உரக்கச் சொல்வாராம். வீட்டில் சௌராஷ்டிரம் மட்டுமே பேசுகிற அந்த அம்மாள் இதை மட்டும் சுத்தமான தமிழில் சொல்லியிருக்கிறார். வியாபாரம் படுத்து, தனிக்குடித்தனம் வந்த பிறகுதான் கோகிலா கொஞ்சம் மூச்சு விட்டார்.

அது செல்வத்துக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் வியாபாரம் நடப்பதால் இனிமேல் கடை ரேட் என்று சொல்லிவிட்டார். அதாவது இரண்டு மடங்குக்கு மேல் இன்னொரு மடங்கு. இனி தாங்காது, டவுனுக்கே திரும்ப வேண்டியதுதான் என்று கோகிலா ரெண்டாங்கடையின் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

மறுநாள் காலை ரெண்டாங்கடை கடப்பாரையோடு தெருமுனைக்கு வந்தார். தலையில் ஃபாக்டரி காலத்து மஞ்சள் ஹெல்மெட். இடுப்பளவு குழி தோண்டினார், அதில் கம்பெனிகள் வயர் பதிக்கும் ஆரஞ்சு கலர் குழாய் ஒன்றை நட்டு நிறுத்தினார், சுற்றிலும் ரிப்பன் கட்டினார். என்ன இது என்று கேட்டேன். குழி என்றார். யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லச் சொன்னார். எனக்கு உண்மையாகவே தெரியாது.

செல்வம் பைக்கில் வந்தார். குழியை ஒரு சுற்றுச் சுற்றினார், இறங்கி எட்டிப் பார்த்தார், எந்தக் கம்பெனி வருகிறது என்று விசாரித்தார். ரெண்டாங்கடை அளவு டேப்பின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்து, "செத்த பிடிங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவின் அடுத்த முனை வரை நடந்தார். தன் பிழைப்பில் மண் போட வரும் கம்பெனிக்குத் தானே டேப் பிடிக்கிறோம் என்ற கலக்கத்தோடு செல்வம் நின்ற கோலத்தை என் மனைவி மாடியிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே எல்லோர் போனுக்கும் செய்தி வந்தது. விலை பாதி. கோகிலாவுக்குக் கடை ரேட் ரத்து.

அதற்குப் பிறகு விலை ஏறும்போதெல்லாம் குழி திறக்கும். ஒருமுறை நான் ஸ்கூட்டரோடு அதற்குள் இறங்கினேன். ஓடி வந்த ரெண்டாங்கடை முதலில் குழாய் சரிந்துவிட்டதா என்று பார்த்தார், பிறகுதான் என் முழங்காலைப் பார்த்தார்.

இந்தக் குழியைப் பார்த்து நிஜமாகவே ஒரு கம்பெனி பயந்துவிட்டது. வேறு யாரோ வருகிறார்கள், நாம் முந்திக்கொள்வோம் என்று அவசர அவசரமாக வயர் இழுத்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தார்கள். ரெண்டாங்கடைக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

சில மாதங்கள்தான். ஒருநாள் செல்வமும் புதுக் கம்பெனிக்காரரும் ஒரே டீக்கடையில் ஒரு வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் இருவரும் விலையை ஏற்றினார்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை. கோகிலாவுக்குக் கடை ரேட், அதுவும் இரண்டு பேரிடமும்.

ரெண்டாங்கடை மறுபடி குழி தோண்டினார். இந்த முறை செல்வம் பைக்கை விட்டு இறங்கவே இல்லை.

"அண்ணே, அதுல ஒரு வேப்பங்கன்னு வைங்க, நெழலாவது கெடைக்கும். ஒங்க வீட்டுல கனெக்‌ஷனே கெடையாது. ஒங்களுக்கு என்னண்ணே இம்புட்டு கவலை?"

எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது. மனிதர் கையில் இருப்பது பட்டன் போன். இத்தனை நாள் கடப்பாரை பிடித்தவருக்கு நெட் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றுகூடத் தெரியாது. அவர் குழியை மூடினார்.

கோகிலா வீட்டில் சாமான் கட்ட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை ரெண்டாங்கடை செல்வத்தின் ஆபீசுக்குப் போய், தன் பேருக்கு அன்றைக்கே ஒரு வீட்டு கனெக்‌ஷன் கேட்டார். சொன்ன விலையை அப்படியே எடுத்துக் கொடுத்தார். செல்வம் ஆடிப்போய்விட்டார். நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாரம் எங்கள் ஏரியாவில் பைக்கில் சுற்றிச் சுற்றிக் குழி தேடினார்.

குழி எங்கேயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ரெண்டாங்கடை வீட்டு மதில் சுவரைத் தாண்டி கோகிலா வீட்டுக்கு ஒரு வயர் மட்டும் போயிருந்தது. இது என்ன என்று கேட்ட கோகிலாவிடம் சிடுசிடுவென்றுதான் பேசினார்.

"சும்மா கெடக்குதுத்தா, எங்க வீட்டுல யாரு பாக்கப் போறா? வண்டிக்காரன வர வேணாமுன்னு சொல்லு."

கோகிலா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிய மூட்டையை அவிழ்க்கப் போனார். அன்று சாயங்காலம் லைவ் நடந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எதிர்க் கம்பெனியில் விலை கேட்கக்கூட இல்லையாமே என்று சீண்டினேன்.

"புள்ள போகப்போகுதுன்னு இருக்கையில, நின்னு வெல கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா தம்பி?" என்றார்.

போன வாரம் ஒரு புரோக்கர் வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு காலியாக இருக்கிறது, இதே வாடகை, நெட் பாதி விலை என்றார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கம் எல்லாக் கம்பெனியும் இருக்கிறது. இந்த மனிதர் இல்லை.