கனகபூண்டியில் கந்தல் கட்டிய கைகள்

கனகபூண்டி என்றொரு நாடு. அங்கே மழை பெய்யாவிட்டாலும் ஆணை பெய்யும். அந்நாட்டு விடலைப் பையன்கள் திடீரென்று மணிக்கட்டில் கந்தல் துணியைக் கட்டிக்கொண்டு சந்தை முக்கில் நிற்கத் தொடங்கினார்கள். ஒழுக்க அமைச்சர் வித்தகனார் சும்மா இருப்பாரா? கந்தல் கட்டியவனெல்லாம் காலிப்பயல் என்று பத்துப் பேரைச் சிறையில் போட்டார். மறுவாரமே கந்தல் இரட்டிப்பாயிற்று. முடி நீளத்துக்குச் சட்டம் வந்தது, சீட்டியடிக்கத் தடை வந்தது. கந்தல் தெருத்தெருவாகப் பரவியது.

வேறு வழியில்லாமல் மானிடவியல் கற்பிக்கும் மருதாயியை அழைத்தார்கள்.

"அம்மையீர்! இவர்கள் மண்டையை அளந்து, குற்றம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று கண்டுபிடியுங்கள். பௌர்ணமிக் கப்பலில் சிறையிலுள்ள அத்தனை பேரையும் உப்புத்தீவுக்கு ஏற்றியாக வேண்டும்," என்றார் அமைச்சர்.

உப்புத்தீவுக்குப் போனவர் யாரும் திரும்பியதில்லை. ஒரு பையனைக்கூடக் கப்பலேற விடுவதில்லை என்று மருதாயி அப்போதே மனதில் முடிச்சுப் போட்டாள். அளவுநாடாவை அரண்மனையிலேயே விட்டுவிட்டு, சந்தை முக்கில் போய் உட்கார்ந்தாள். உளவாளி என்று பையன்கள் எழுந்து போனார்கள். மறுநாளும் போய் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். அவர்களில் சடையன் என்பவனுக்குத்தான் அலுத்துப் போயிற்று.

"என்னதான்க்கா வேணும் உனக்கு?"

"கையில எதுக்குடா இது?"

"எங்காளு ஒருத்தனைப் பிடிச்சிட்டுப் போனா கட்டிக்குவோம். அவனே வந்துதான் அவுக்கணும்."

"முதல்ல யாரைப் பிடிச்சாங்க?"

"மாடசாமியை. ரேஷன் அரிசியில ஏன் இம்புட்டுக் கல்லு கிடக்குன்னு கேட்டுப்புட்டான்."

அடப்பாவிகளா! மருதாயிக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. நேரே அவைக்குப் போனாள்.

"எரியிறதைப் பிடுங்கினா கொதிக்கிறது தன்னால அடங்கும்யா. உள்ள இருக்கிறவங்க மேல வச்ச பாசத்துலதான் கந்தல் கட்டுறாங்க. அவங்களை விடுங்க. அவங்களே வந்து அவுத்துடுவாங்க."

அமைச்சர் எழுந்து நின்று அவைக்கு அறிவித்தார்.

"ஆக, குற்றத்தின் மூலகாரணம் பாசம் என்று ஆய்வு நிறுவிவிட்டது. இன்று முதல் கனகபூண்டியில் பாசம் தடை செய்யப்படுகிறது!"

அவை கைதட்டியது. மருதாயிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதன் ஓரத்தை டர்ரென்று கிழித்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள்.

"யாருக்காக இது?" என்று அமைச்சர் அதிர்ந்தார்.

"மாடசாமிக்கு."

"அவன் உமக்கு என்ன உறவு?"

"இனிமேதான் உறவு."

அவளையும் உள்ளே தள்ளினார்கள். அவளுக்காக அவளுடைய மாணவிகள் கட்டினார்கள். மாணவிகளைப் பிடித்ததும் பெற்றவர்கள் கட்டினார்கள். அந்தப் பெற்றவர்களில் காவலர்களும் இருந்தார்கள்.

கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள், மன்னர் நீடிக்கலாமா என்று தேர்தல். கனகபூண்டியில் மைதானத்தில் கூடிக் கையைத் தூக்குவதுதான் வாக்கு. மன்னர் வேண்டாம் என்று நாடே கந்தல் கட்டிய கையைத் தூக்கியது. மன்னருக்கு வியர்த்துக் கொட்டியது. அமைச்சர் அசரவில்லை. கந்தல் கட்டிய கை செல்லாது என்று அங்கேயே ஆணையிட்டார். மிஞ்சியவை இரண்டே கைகள். ஒன்று மன்னருடையது, மற்றது அமைச்சருடையது. மன்னர் ஏகமனதாக வென்றார் என்று முரசு அறைந்தார்கள்.

முரசுச் சத்தம் சிறைக்கும் கேட்டது. சற்று நேரத்தில் காவலன் முத்திருளன் வந்து மருதாயியின் கதவைத் திறந்தான். அவன் மகளும் அவளுடைய மாணவிதான்.

"விடுதலை ஆணை வந்திருச்சா?" என்று மருதாயி கேட்டாள்.

முத்திருளன் கந்தல் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினான்.

"இந்தக் கை செல்லாதுன்னுட்டாங்கம்மா. அப்ப இந்தக் கை பூட்டின பூட்டு மட்டும் செல்லுமாக்கும்?"

மருதாயி எழுந்தாள்.

"மாடசாமி எந்தக் கொட்டடி? அதை முதல்ல திற."