ஹில்க்காவுக்குக் கேட்காத துப்பாக்கி

அன்புள்ள சிர்க்கா அக்காவுக்கு,

ஏரிக்கரை வீட்டிலிருந்து உன் தம்பி ரெய்யோ எழுதுகிறேன். இடது முழங்காலைத் தவிர நான் நலம். அங்கே ஸ்வீடனில் நீயும் குன்னார் அத்தானும் எல்லா முழங்கால்களோடும் நலமாக இருக்க வேண்டும். நீ பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தன. ஒன்று மற்றதைவிட ஒரு சாண் நீளம், ஆனால் இரண்டுமே கதகதப்பாக இருக்கின்றன. காளான் இந்த வருஷம் ஏராளம். மழையும் அப்படித்தான். இதெல்லாம் மரியாதைக்கு எழுதியது. இனி விஷயத்துக்கு வருகிறேன், நீ உட்கார்ந்துகொண்டு படி.

எதிர்க்கரை ஹில்க்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் உனக்கு இரண்டு வகுப்பு கீழே. கோடை நடனத்தில் அவளோடு ஒரே ஒரு வால்ட்ஸ் ஆடினேன். அடுத்த ஆட்டத்துக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மார்ட்டி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். நான் யோசித்து முடிப்பதற்குள் அவர்களுக்கு மூத்த பெண் பிறந்துவிட்டாள். மார்ட்டி இறந்துபோய்ப் பத்து வருஷமாகிறது. நல்ல மனுஷன், குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய குறை.

அப்பாவின் பழைய துப்பாக்கியை நீ மறந்திருக்க மாட்டாய். சுண்டுவிரல் நுனியளவு தோட்டா போடுகிற சின்னத் துப்பாக்கிதான், ஆனால் ஏரிக்கு மேல் அதன் சத்தம் எதிர்க்கரை வரை போய்த் திரும்பி வரும். மூன்றாவது தோட்டா சுட்டதும் அதன் வெற்றுக் கூடு எப்போதும் உள்ளே சிக்கிக்கொள்ளும், அப்பா ஒரு கெட்ட வார்த்தை சொல்லி அதை நெம்பி எடுப்பார், அப்புறம் நான்காவது, ஐந்தாவது. அப்பாவுக்குப் பிறகு நானும் அதே மாதிரி, அதே வார்த்தையோடு, தினமும் மாலை ஐந்து மணிக்கு விறகுக் கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் மணல்மேட்டில் அட்டை நட்டு ஐந்து குண்டு சுடுவேன். சுட்டு முடித்ததும் ஹில்க்கா அவள் படகுத்துறைப் பலகையில் வந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்துவாள்.

"ரெய்யோ! எங்க நாய் மறுபடியும் கட்டிலுக்கு அடியில போயிருச்சு!"

நான், "சரி!" என்பேன்.

"என்ன சரி? நாளைக்கும் சுடுவீங்கதானே?"

"ஆமா!"

"நல்லா இருக்கு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

அவ்வளவுதான் பேச்சு. ஒன்பது கோடைகாலமாக இதே பேச்சு. நீ சிரிக்காதே. அந்த நாலு வரிக்காக நான் தினமும் நாலரை மணிக்கே முகம் மழித்துக்கொண்டு, சுத்தமான சட்டை மாட்டிக்கொண்டு மணல்மேட்டுக்குப் போவேன்.

இந்த ஜூலையில் ஒரு வரி கூடுதலாக வந்தது. "அந்தத் துப்பாக்கி வாயை மூடவே மூடாதா?" என்று கேட்டாள். ஒன்பது வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு பொருள் கேட்டது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது. அமைதி கேட்கிறாள், கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு எனக்கு அறிவு எங்கே போயிருந்ததென்று தெரியவில்லை.

நகரத்தில் யோர்மாவின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். ஒரு காப்பியோடு வேலை முடியும் என்று நினைத்தேன், நாலு வாரமும் பதினொரு காப்பியும் ஆயிற்று. சத்தத்தை அடக்குகிற சைலன்சரைக் குழலின் முனையில் திருகி மாட்டுகிற வகை ஒன்று இருக்கிறதாம், குழலுக்குள்ளேயே வைத்துச் செய்துவிட்ட வகை இன்னொன்று. "திருகுற வகையை வேணும்னா கழட்டிக்கலாம்," என்றான் யோர்மா. கழற்றக்கூடிய எதையும் நான் தொலைத்துவிடுவேன், என் கீழ்வரிசைப் பல்செட் இன்னும் ஏரிக்குள்தான் கிடக்கிறது. அதனால் உள்ளேயே இருக்கிற வகைதான் என்றேன். அதிலும் மூன்று இருந்தன. ஒன்று தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும், ஆனால் ஏற்றும்போது தையல் மிஷின் மாதிரி கடகடக்கும். ஒன்றுக்கு ஒலியைவிட மெதுவாகப் போகிற தனித் தோட்டா வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் குண்டு காற்றைக் கிழிக்கிற சத்தம் வெளியே வந்துவிடும். மூன்றாவதில் குழலுக்குள் வரிசையாகத் துளை போட்டிருக்கிறார்கள், சாதாரணத் தோட்டாவும் அதில் வேகம் குறைந்து பூனை மாதிரி நடந்து போகுமாம். குழல் மட்டும் உருட்டுக்கட்டை கனம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஹில்க்காவின் புகார் நாயைப் பற்றியது, ஆகவே நாயை வைத்தே சோதிப்பது என்று எனக்கு யோசனை வந்தது. வேட்டைக் கழகச் செயலாளர் கௌக்கோவின் கிழட்டு வேட்டை நாயைக் கடனாக வாங்கி, யோர்மாவின் கடைக்குப் பின்னாலிருக்கும் சுடுகளத்தில் படுக்க வைத்தேன். முதல் துப்பாக்கிக்கு நாய் அசையவில்லை. இரண்டாவதற்கும் அசையவில்லை. மூன்றாவதற்குக் குறட்டை விட்டது. குறட்டைக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டு மூன்றாவதையே எடுத்துக்கொண்டேன். நாயைத் திருப்பிக் கொடுக்கும்போது பெருமையாகச் சொன்னேன், கௌக்கோ என்னையே பார்த்தான்.

"ஏம்ப்பா, பத்து வருஷம் என் பக்கத்துல நின்னு துப்பாக்கிச் சத்தம் கேட்ட நாய் அது. நாலு வருஷமா அதுக்குக் காதே கேக்கல. பீரங்கி வச்சாலும் தூங்கும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலியே. நாய் வேணும்னு மட்டும்தானே கேட்ட."

அடுத்தது அனுமதி. காவல் நிலையத்தில் கொடுத்த விண்ணப்பத்தில் 'இந்தத் துப்பாக்கி எதற்காக?' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பொய் எழுதுகிறவன் இல்லை. 'எதிர்க்கரை விதவைக்கு எதுவும் கேட்கக் கூடாது என்பதற்காக' என்று எழுதினேன். மறுநாளே கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பெண் அதிகாரி கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு பேசினார்.

"அந்த அம்மாவுக்கும் உங்களுக்கும் ஏதாவது தகராறா?"

"தினமும் அஞ்சு மணிக்கு."

"எத்தனை நாளா?"

"ஒன்பது வருஷமா. ஞாயித்துக்கிழமை மட்டும் கிடையாது."

அவர் எழுதுவதை நிறுத்தினார். நான் வால்ட்ஸிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. உன்னிடம்கூட இத்தனை வருஷமாகச் சொல்லாததை ஒரு சீருடைக்கு முன்னால் சொன்னேன் அக்கா. கேட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டார். அந்தக் கட்டத்தில் அவரே அடித்துத் திருத்தி 'இலக்குப் பயிற்சி' என்று எழுதி முத்திரை குத்தினார்.

அப்பாவின் துப்பாக்கியை யோர்மாவிடம் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்து வந்தேன். ஆகஸ்ட் கடைசியில், மாலை ஐந்து மணிக்கு, ஐந்து குண்டு. அக்கா, பாசிமேல் பைன் காய் விழுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்றாவது சிக்கவும் இல்லை. கெட்ட வார்த்தை வாய்வரை வந்து வேலையில்லாமல் திரும்பிப் போயிற்று. படகுத்துறைக்கு ஓடிப்போய் எதிர்க்கரையைப் பார்த்தேன். பாராட்டாவது சொல்வாள் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் ஜன்னல் திரை மட்டும் லேசாக அசைந்தது, காற்றாகக்கூட இருக்கலாம்.

உனக்கு இங்கத்திய வழக்கம் மறந்திருக்காது. காரணம் இல்லாமல் இங்கே யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை, ஏரியைத் தாண்டிக் கத்துவதும் இல்லை. புகார் ஒரு நல்ல காரணம். எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரே காரணம்தான். அதை நானே தேடிப் பிடித்து, பதினொரு காப்பி குடித்து, முத்திரை வாங்கி, வாயடைத்துவிட்டேன்.

ஆறு வாரமாயிற்று. வாளியைத் துறையில் போட்டு உருட்டினேன். விறகு பிளந்தேன், இரண்டு குளிர்காலத்துக்கான விறகு இப்போதே தயார். போன வியாழக்கிழமை எதற்கும் துணிந்து துறையில் நின்று என் வாயாலேயே "டுமீல்!" என்று ஐந்து முறை கத்தினேன். மூன்றாவதற்குப் பிறகு இடைவெளிவிட்டு அப்பாவின் வார்த்தையையும் சேர்த்துக்கொண்டேன். ஹில்க்கா வரவில்லை. கௌக்கோதான் படகில் போய்க்கொண்டிருந்தான், துடுப்பை நிறுத்திவிட்டு, "ரெய்யோ, மாத்திரை ஏதாவது மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

மறுநாள் யோர்மாவிடம் போய் அப்பாவின் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்டேன். வந்த வாரமே விலைபேசி முடிந்துவிட்டதாம். அனுமதி வர ஒரு மாதம் ஆயிற்றாம், முந்தாநாள்தான் எடுத்துக்கொண்டு போனார்களாம். யார் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்று சாதித்துவிட்டு எனக்கு ஒரு காப்பி ஊற்றினான். குடிக்கப் பிடிக்கவில்லை.

எனக்கு அவள் குரல் கேட்க வேண்டும் அக்கா. திட்டினாலும் போதும். ஐந்து மணி ஆனால் மார்புக்குள் ஏதோ பிசைகிறது, இருதயமோ என்று மருத்துவரிடம் போனேன், இருதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். அதனால் உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன். நீ ஹில்க்காவுக்கு ஒரு கடிதம் எழுது. தம்பியிடமிருந்து தகவலே இல்லை, கவலையாக இருக்கிறது, படகில் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வர முடியுமா என்று கேள். அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். நான் கேட்கச் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதே. அவள் வருகிற அன்றைக்கு நான் கொஞ்சம் உடம்பு சரியில்லாதவன் மாதிரி இருக்கவும் தயார்.

குன்னார் அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய கார் இந்தக் குளிர்காலத்திலாவது முதல் தடவையிலேயே கிளம்பட்டும். உங்கள் கூரையும் அடுப்பும் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
ரெய்யோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. ஹில்க்காவுக்கு எதுவும் எழுதாதே! ஐந்து மணிக்கு எதிர்க்கரையில், அவள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருந்து, வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு பெண் குரல் அப்பாவின் கெட்ட வார்த்தையை ஒரு எழுத்துகூட விடாமல் சொல்லிற்று. நான்கு. ஐந்து. காலுறையோடேயே துறைக்கு ஓடினேன் (நீளமான காலுறை நனைந்துவிட்டது). அவள் பலகையில் வந்து நின்றாள், கையில் அப்பாவின் துப்பாக்கி.

"உயிரோட இருக்கீங்களா இல்லையா? ஆறு வாரமா ஒரு சத்தத்தக் காணோம்! அஞ்சு மணியானா இந்த நாய் தானாவே கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்து உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு, வெளிய வர மாட்டேங்குது!"

இந்த முறை மார்ட்டி இல்லை, யோசிக்க நேரம் இருந்தது. யோசித்துவிட்டு, இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"ஹில்க்கா! சத்தம் தாங்க முடியல! புகார் சொல்ல நேர்ல வரேன்!"

"வாங்க! காப்பி போட்டாச்சு!"

படகை அவிழ்த்துவிட்டேன். மீதியை நான் திரும்பி வந்தால் எழுதுகிறேன்.