நடையைக் கண்டுபிடித்த துரை

நடத்தல் என்னும் அரும்பெரும் கலையை இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்துக்கு அருளியவர் வில்மட் துரை அவர்களே. அதற்கு முன்பு இந்தப் பக்கத்து ஜனங்கள் நடந்ததே இல்லை. வேலைக்குப் போனார்கள், கடைக்குப் போனார்கள், சிவனொளிபாத மலைக்குக்கூடப் போய் வந்தார்கள். எல்லாம் ஒரு காரியத்தை உத்தேசித்துப் போனவை. காரியமே இல்லாமல் போவதுதான் ‘நடை’ என்பதைத் துரை அவர்கள், மோட்டார் கார் வாங்கிய பிறகு, கண்டறிந்தார்.

அவர் கித்துல்கலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தின் பெரிய துரை. களனி கங்கைக் கரையில் பயணிகள் தங்கும் வாடிவீட்டைத் தலைமை நிலையமாக்கி, ‘நடைப்பயண விடுமுறைச் சங்கம்’ நிறுவினார். கொழும்புக் கனவான்கள் வந்து தங்கி, பகலில் ஒரு மலைக்கு நடந்துவிட்டு, மாலையில் ஆற்றைப் பார்த்துக் களைப்பாறுவார்கள். “நடக்கிறவனே சுதந்திர புருஷன்” என்று துரை தொடக்க விழாவில் பேசினார். சோடாப் பெட்டி, பிஸ்கட் தகரம், அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் முதலியன கடை முதலாளி மக்கீன் நானாவின் பொறுப்பு. இரு பக்கமும் மூங்கில் கட்டிய ஒரு பிரம்பு நாற்காலியும் உண்டு. நடையின் இன்பம் தாங்க முடியாமல் போகும் அங்கத்தினருக்காக அது.

துரையின் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன் ஏழுமலை. அவன் தங்கை புஷ்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மகளுக்குக் காதுகுத்து வந்தது. காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் கூடியபோது ஏழுமலை லீவு கேட்டான்.

“எதுக்குப் போறான்?” என்று துரை தமது தோட்டத் தமிழில் கேட்டார்.

“தங்கச்சி புள்ளைக்குக் காது குத்துறாங்க தொரை. மாமன் மடியில வச்சுத்தான் குத்தணுங்க.”

“வேற மடி இல்லையா?”

“நான் ஒரே மாமனுங்க.”

துரை ஆழ்ந்து யோசித்தார். இது காரியத்தோடு கூடிய நடை. சங்கக் கொள்கைக்கு விரோதம். லீவு மறுக்கப்பட்டது. அனுமதியின்றிப் போனால் சிறை. துரை தோட்ட எல்லையைத் தாண்டினால் ‘நடை’, தொழிலாளி தாண்டினால் ‘ஓட்டம்’ என்று தேகப்பயிற்சியைக்கூடச் சட்டம் நுட்பமாக வகுத்திருப்பது வியக்கத்தக்கது.

வழி சொன்னவர் மக்கீன் நானா. அதே நாளில் சங்கம் அக்கரைக்குப் போகிறது, மதியச் சாப்பாடு புஷ்பம் குடியிருக்கும் லயத்துக்குக் கிட்டத்தான், நாற்காலி தூக்க ஆள் வேண்டும் என்றார்.

“வெறும் நாக்காலிதானே, நானா?”

“தொடக்கத்துல வெறும் நாற்காலிதான்” என்றார் அவர். வாக்குச் சுத்தமான வியாபாரி.

தோணியில் ஆற்றைக் கடந்ததும் முதல் ஏற்றம். அங்கேயே வில்மட் துரைக்கு நடையின் இன்பம் எல்லை மீறியது. நாற்காலியில் அமர்ந்தார். ஏழுமலையும் வேறு மூவரும் தோள் கொடுத்தார்கள். பாதத்தை எப்படி ஊன்ற வேண்டும் என்று துரை மேலிருந்தபடியே மற்றக் கனவான்களுக்குப் போதித்து வந்தார். சங்கத்தின் பெயர் அப்போதுதான், கனவான்களோடு நடந்துகொண்டிருந்த எனக்கு முழுமையாக விளங்கியது: கீழே நடைப்பயணம், மேலே விடுமுறை.

சாப்பாடு அந்தத் தோட்டத்துப் பங்களாவில். தூக்கிகளைப் பலாமரத்தடியில் நிறுத்திய துரை, நாற்காலியை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவிட்டு உள்ளே போனார். லயத்துப் பக்கமிருந்து தப்புச் சத்தம் கேட்டது. ஏழுமலை நாற்காலியைப் பார்த்தான். பிறகு மூங்கிலை அவிழ்த்து, நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு லயத்துக்குப் போனான்.

“என்னண்ணே, மாமன் சீரு இம்புட்டுப் பெருசா?” என்றாள் புஷ்பம்.

“வாய மூடிட்டுப் புள்ளையக் குடு. தொரை கை கழுவுறதுக்குள்ள குத்தணும்.”

நாற்காலியில் உட்கார்ந்து மருமகளை மடியில் வைத்துக்கொண்டான். பத்தர் வலது காதைக் குத்தினார். பிள்ளை வீரிட்டது. இடது காதுக்கு ஊசியை எடுத்தபோது, துரை வாசலில் நின்றார். பலாமரத்திலிருந்து லயம் வரை, கல்லும் சேறுமான பாதையில், யார் உதவியுமின்றித் தம் சொந்தக் கால்களாலேயே வந்திருந்தார்.

வழக்கைக் கேட்ட நீதவானும் சங்கத்தின் அங்கத்தினர்.

“நாக்காலிய விட்டு நகராதேன்னாங்க. நகரலைங்க. அதையும் தூக்கிக்கிட்டுத்தான் போனேன்” என்றான் ஏழுமலை.

நீதவான் இந்த வாதத்தின் நேர்மையை மெச்சினார். ஆனால் துரையைச் சுமந்து ஏறியது வேலை; மருமகளைச் சுமக்கப் போனது சொந்தக் காரியம். எனவே பலாமரத்திலிருந்து லயம் வரை நிகழ்ந்தது ‘ஓட்டம்’ என்று தீர்ப்பளித்துச் சிறைக்கு அனுப்பினார்.

வருட முடிவில் வாடிவீட்டில் விருந்து நடந்தது. அந்த வருடத்தின் மிகச் சிறந்த நடைக்கான வெள்ளிக் கிண்ணம் வில்மட் துரைக்கே கிடைத்தது. எந்த நடைக்கு என்று விசாரித்தேன். பலாமரத்திலிருந்து லயம் வரை நடந்ததற்கு என்றார்கள். நானும் கை தட்டினேன். “நடக்கிறவனே சுதந்திர புருஷன்” என்று துரை மறுபடியும் பேசினார்.

புஷ்பத்தின் மகள் வலது காதில் மட்டும் தோடு போட்டிருக்கிறாள். இடது காதுக்கு மாமன் வர வேண்டும். அதை ஏன் இன்னும் குத்தவில்லை என்று அவள் கேட்கிற வயது வரும்போது, சங்கத்தார் அந்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக் காட்டலாம்.